கிணற்றுக்குள் ஒரு சிவப்புக் கோடு

ஓய்வு பெற்ற பிறகு யாரும் நம்மிடம் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. சர்க்கரை எவ்வளவு, முட்டி வலி எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அதனால் போன மாதம் ஒரு பெண் போன் செய்து, "மேடம், ஒரு குவாரிக்கு அறிக்கை எழுத நீங்கல்லாம் எத்தனை தடவை ஊருக்குப் போவீங்க?" என்று கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் பார்த்த அதே வேலைக்கு, வேறோர் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். இப்போது மேலே ஒரு டிரோனைப் பறக்கவிட்டால் அரை நாளில் முழு மேட்டையும் படம் பிடித்துவிடுகிறதாம். கிணற்று நீர்மட்டம் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கிறதாம்.

"இருந்தாலும் கிணத்த நேர்ல போயி ஒரு தடவ அளக்கச் சொல்றாங்க மேடம். ஒரு தடவ அளந்தா போதும்ல?" என்றாள்.

போதாது என்றேன். ஏன் என்றாள். அஞ்சலையின் கிணற்றைப் பற்றிப் போனில் சொல்ல ஆரம்பித்தால் அவள் பேட்டரி தாங்காது. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அதுதான் இது.

சிதம்பரத்தில் மண்ணியல் படித்தவள் நான். படித்து முடித்ததும் சேத்தியாத்தோப்பில் ஒரு போர்வெல் கம்பெனியில் சேர்ந்தேன். துளை போடும்போது வெளியே வரும் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, களிமண், நைஸ் மணல், கூழாங்கல் என்று எழுதுவது என் வேலை. கீரப்பாளையம் பக்கத்து வயல் வரப்புகளில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பல வருஷம் அதைச் செய்தேன். சேற்றில் நிற்கும் பொம்பளையைப் பார்த்து, நடவுக்கு ஆள் வந்திருப்பதாக நினைத்துக் கூப்பிட்டவர்கள் உண்டு. 2004-இல் கடலூரில் ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்தேன். குவாரிக்கு அனுமதி கேட்பவர்கள், அங்கே தோண்டினால் தண்ணீருக்கும் காற்றுக்கும் மரம் மட்டைக்கும் என்ன ஆகும் என்று ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையை நாங்கள் தயாரிப்போம். கூலி கொடுப்பவர் மனுதாரர்தான். கூலி கொடுக்கிறவரிடமே, ஐயா, நீங்கள் கேட்பது ஆகாது என்று சில நேரம் சொல்ல வேண்டிய பிழைப்பு.

அலுவலகத்தின் தலைவர் குணசேகரன் சார். என்னைவிட வயதில் சின்னவர். நல்ல கறுப்பு, சன்னமான உடம்பு, எப்போதும் அரைக்கைச் சட்டை. என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் 'மேடம்'. அதற்கு மேல் அவருக்குக் கோபப்படத் தெரியாது. அந்த 'மேடம்' வந்துவிட்டால் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது.

அறிக்கையை அவர் திருத்தும் விதம் விசித்திரமாக இருக்கும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, நான் எழுதியதை வாய்விட்டு, குழந்தைக்குப் படித்துக் காட்டுகிற வேகத்தில் படிப்பார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும், "இத யாரு பாத்தது?" என்பார். 'சுற்றுவட்டாரத்தில் நீர்நிலைகள் இல்லை' என்று எழுதியிருந்தால், யார் சுற்றிப் பார்த்தது, எந்தப் பக்கமாகப் போனது, எங்கே திரும்பியது என்று சொல்ல வேண்டும். இருக்கிறது என்று எழுத ஒரு தடவை கண்ணில் பட்டால் போதும், இல்லை என்று எழுத முழுக்க நடந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒருமுறை பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, 'குளம் இல்லை' என்று நான் எழுதியது வரைபடத்தைப் பார்த்தா, காலால் நடந்தா என்று கேட்டார். வரைபடத்தைப் பார்த்துத்தான் என்றேன். இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். வரைபடத்தில் இல்லாத ஒரு குட்டை, கருவேலமரங்களுக்கு நடுவில், எருமைகளோடு ஜம்மென்று இருந்தது.

மனுதாரர் கொடுக்கும் எதையும் வேலை முடியும் வரை தொடக்கூடாது என்று இன்னொரு சட்டம் வைத்திருந்தார். இந்தச் சட்டத்தை எங்களிடம்தான் சொன்னாரே தவிர, கொண்டுவருகிறவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒருவர் பண்ருட்டியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து அலுவலக வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது பழுத்தது. சும்மா பழுக்கவில்லை, தெருவுக்கே தெரிகிற மாதிரி பழுத்தது. வருகிறவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார்கள். கடைசியில் அதைத் திருப்பிக் கொடுக்க நான்தான் பஸ்ஸில் எடுத்துப் போனேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னையும் பழத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "ஏம்மா, பண்ருட்டிக்கே பலாப்பழம் கொண்டுபோறியா?" என்று கண்டக்டர் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இனி அஞ்சலை.

2009 என்று நினைவு. பண்ருட்டிக்கு மேற்கே, முந்திரிக் கொல்லைகளைத் தாண்டி ஒரு சின்ன ஊர். ஊருக்கு வடக்கே ஒரு செம்மண் மேடு. சாலை போடுவதற்கு வாங்குகிறார்களே, சரளைக் கல் கலந்த சிவப்பு மண், கிராவல் என்பார்கள், அந்த மேடு முழுக்க அதுதான். மேட்டின் சொந்தக்காரர் தனவேலு. சொந்தமாக ஒரு டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மேட்டில் கிராவல் எடுக்க அனுமதி கேட்டு மனு போட்டிருந்தவர் அவரே.

மேட்டின் அடிவாரத்தில் அஞ்சலையின் நிலம். அவள் தனவேலுவின் அண்ணன் மனைவி. அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். பாகம் பிரித்தபோது அண்ணனுக்குக் கீழே இருந்த நிலமும் அப்பா வெட்டிய கிணறும் வந்தன. தம்பிக்கு மேடு வந்தது. "அண்ணனுக்குக் கெணறு, எனக்குக் கல்லு" என்று தனவேலு பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கல்லையாவது விற்கலாம் என்று அவர் நினைத்ததில் எனக்கு அப்போதும் தப்புத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அஞ்சலைக்கு அந்தக் கிணறுதான் எல்லாம். கத்தரி, மிளகாய், ஓரத்தில் கொஞ்சம் கனகாம்பரம். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்ததும் அந்தத் தண்ணீர்தான். மேட்டைத் தோண்டினால் கிணறு வற்றிவிடும் என்பது அவள் பயம். மனு போட்ட நாளிலிருந்து கொழுந்தனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எதிரிலேயே நின்றாலும் மூன்றாவது ஆளிடம்தான் சொல்வாள். நான் முதல்முறை போனபோது தனவேலுவும் கூட வந்தார். அஞ்சலை என் குடையையும் தோள்பையையும் பார்த்து, "டீச்சரம்மா" என்றே கூப்பிட்டாள், கடைசிவரை அப்படித்தான்.

"டீச்சரம்மா, அந்த ஆளு காசு குடுத்து ஒங்கள கூட்டியாந்துருக்காரு. நீங்க அவரு சொல்றததான எழுதப் போறீங்க?"

"நீங்க அளந்து பாருங்க மேடம். எங்க அப்பா வெட்டுன கெணறு அது. ஒரு நாளு எறைச்சா அடி தெரியும். அதுல என்னா இருக்குன்னு அவுங்க பயப்படுறாங்க?" என்றார் தனவேலு, அதையும் என்னைப் பார்த்தே.

நடுவில் நான் போஸ்ட் பெட்டி மாதிரி நின்றிருந்தேன்.

கிணற்றை அளப்பது பெரிய வித்தை இல்லை. கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயின்ட்டால் புள்ளி வைக்க வேண்டும். எப்போது அளந்தாலும் அந்தப் புள்ளியிலிருந்துதான். டேப்பின் நுனியில் ஓர் ஈயக் குண்டு. கடைசிப் பகுதியில் சாக்பீஸைத் தேய்த்து இறக்குவோம். தண்ணீரில் முங்கிய இடம் நிறம் மாறியிருக்கும். மேலே பிடித்த அளவில் நனைந்த அளவைக் கழித்தால் மட்டம் கிடைத்துவிடும். இப்படி அந்த மேட்டைச் சுற்றியிருந்த எல்லாக் கிணறுகளையும் அளந்தேன்.

குணசேகரன் சார் இதோடு இன்னொரு வேலை வைத்தார். குவாரியின் அடி எவ்வளவு ஆழம் போகும் என்று மனுவில் இருந்தது. மட்டக் கருவியை மேட்டின்மேல் வைத்து, அந்த ஆழத்தைக் கொல்லை கொல்லையாக இறக்கிக்கொண்டு வந்து, அஞ்சலையின் கிணற்று உட்சுவரில் அதே மட்டத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போடச் சொன்னார். எந்த விதிமுறையிலும் இல்லாத வேலை இது.

"நம்ம அறிக்கைய நாலு ஆபீசருங்க படிப்பாங்க. இந்தக் கோட்ட ஊரே படிக்கும் அக்கா" என்றார்.

கோட்டுக்கு அர்த்தம் எளிது. தண்ணீர் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தால், குவாரிக் குழி தண்ணீரைத் தொடாது, தோண்டலாம். தண்ணீர் கோட்டைத் தாண்டி மேலே இருந்தால், மேட்டில் வெட்டும் குழிக்குள்ளேயே ஊற்று வந்துவிடும். அதை இறைத்து வெளியே விட்டுக்கொண்டேதான் கிராவல் அள்ள முடியும். இறைக்க இறைக்க அடிவாரத்துக் கிணறு வறண்டுவிடும்.

அன்றைக்குத் தண்ணீர் கோட்டுக்கு வெகு கீழே, கறுப்பாக, ஒரு தாம்பாளம் அளவுக்குக் கிடந்தது. தனவேலு எட்டிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்தார். அஞ்சலை போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். மற்ற கிணறுகளிலும் அதே கதைதான். நானும் அப்படியே எழுதினேன்.

குணசேகரன் சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். 'நீர்மட்டம் குவாரியின் அடிமட்டத்துக்குக் கீழே உள்ளது' என்று மெதுவாகப் படித்தார். "இத யாரு பாத்தது?"

"நான்தான் சார். ஒவ்வொரு கிணறா அளந்தேன்."

"மோட்டர் நின்னு எவ்வளவு நேரம் கழிச்சு அளந்தீங்க மேடம்?"

மேடம் வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தேன். எந்தக் கிணற்றிலும் மோட்டார் நின்றிருக்கவில்லை. அந்த வருஷங்களில் மும்முனை கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி வைத்திருந்தார்கள். கரண்ட் வந்த நொடியில் மோட்டார் தானாக ஓடும், போனால் நிற்கும். ஊரில் இருக்கும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில். கிணறுகளுக்கு ஓய்வே கிடையாது. நான் அளந்தது கிணற்றின் மட்டமே இல்லை, இறைத்தது போக மிச்சம்.

"ஊரே சாப்ட்டு முடிச்சப்புறம் சட்டிய பாத்துட்டு, சோறு இவ்வளவுதான் வடிச்சாங்கன்னு எழுதியிருக்கோம்" என்றார். நல்லவேளை, 'எழுதியிருக்கோம்' என்றார். விதிமுறையில் கோடையில் அளக்க வேண்டும் என்று இருந்ததே தவிர, மோட்டாரை நிறுத்தி அளக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லா அலுவலகமும் அப்படித்தான் அளந்துகொண்டிருந்தது.

ஒரு ராத்திரி கரண்ட் இல்லாமல் இருந்தால் கொஞ்சம் ஊறும். ஆனால் மண்ணுக்குள் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்ப, சுற்றியுள்ள எல்லா மோட்டாரும் சேர்ந்தாற்போல் பல நாள் சும்மா இருக்க வேண்டும். கோடையில், செடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது, மோட்டாரை நிறுத்துங்கள் என்று எந்த ஊரில் போய்ச் சொல்வது? அறிக்கை மேஜைமேல் கிடந்தது. தனவேலு தினமும் போன் செய்தார். சார் தினமும், "இன்னும் முடியல" என்றார்.

அந்த நேரத்தில்தான் டிரான்ஸ்பார்மர் எரிந்தது.

நான் குடிதண்ணீர் சோதனைக்கு இரண்டு பாட்டில் பிடித்துவரப் போயிருந்தேன். ஊருக்குள் நுழையும்போதே டீக்கடையில் ஒரே சத்தம். வயல்காட்டு மோட்டார்களுக்கான டிரான்ஸ்பார்மர் போய்ச் சில நாளாகிவிட்டது. வீடுகளுக்கு வேறு டிரான்ஸ்பார்மர் என்பதால் விளக்கு எரிந்தது, காத்தாடி சுற்றியது. கொல்லையில் மட்டும் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. நான் பாட்டிலை விட்டுவிட்டு அஞ்சலையின் கிணற்றுக்கு ஓடினேன். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பாதிச் சுவர் ஏறியிருந்தது. கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் ஆள் உயரம்தான் இருக்கும்.

சாருக்குப் போன் செய்தேன்.  "வர்றேன் அக்கா. யாருகிட்டயும் எதுவும் சொல்லிடாதீங்க. மொதல்ல தனவேலுகிட்ட சொல்லணும்" என்றார்.

"அவருகிட்டயா? அவருதான சார் டிரான்ஸ்பார்மர் எடுத்தாரப் போறாரு!"

ஆமாம். மாற்று டிரான்ஸ்பார்மர் தயாராக இருக்கிறது, வண்டி கொண்டுவந்தால் ஏற்றிப் போகலாம் என்று மின்சார ஆபீசில் சொல்லியிருந்தார்கள். வண்டி வைத்திருந்தவர் தனவேலு. நாளைக்கே போய் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்ததால் ஊரில் அவருக்கு ஏக மரியாதை. குவாரிக்கு எதிராகப் பேசியவர்கள்கூட டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு மனதில் வந்த யோசனையை ஒளிக்காமல் சொல்கிறேன்: எதையாவது சொல்லி அவரைத் தாமதப்படுத்திவிடலாமா என்றுதான் நினைத்தேன். சாரிடம் சொன்னேன்.

"அவரு நம்மகிட்ட வேலை குடுத்தவரு. அவருக்குத் தெரியாம அளக்கலாமா? சொல்லிட்டுத்தான் அளக்கணும்" என்றார்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் நாங்கள் நால்வரும் நின்றோம். சார், நான், தனவேலு, கொஞ்சம் தள்ளி அஞ்சலை. சார் அவருடைய வழக்கமான மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னார். மோட்டார் ஓடாததால்தான் தண்ணீர் ஏறுகிறது. இன்னும் ஏறுகிறதா, எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் உண்மையான மட்டம் தெரியும். அதற்கு டிரான்ஸ்பார்மர் வருவது சில நாள் தள்ளிப்போக வேண்டும். தண்ணீர் கோட்டைத் தாண்டினால் அறிக்கை உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும்.

"ஒங்க டிராக்டர். ஒங்க இஷ்டம். நாங்க வற்புறுத்தல" என்று முடித்தார்.

தனவேலு கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சார், இந்தக் கெணத்துல எறங்கி நீச்சல் அடிச்சு வளந்தவன் நானு. மழக்காலத்துல கூட தண்ணி அந்தக் கோட்டுக்கு வந்து நான் பாத்ததில்ல. எத்தினி நாளு வேணா பாருங்க. அப்பறம் யாரும் தனவேலு திருட்டுத்தனமா அனுமதி வாங்குனான்னு சொல்லக் கூடாது, அவ்ளோதான்."

அவர் நீச்சல் அடித்த காலத்தில் சுவரில் இந்தக் கோடு கிடையாது என்பதும், அதன் பிறகு மோட்டார் வந்துவிட்டதால் அது ஊறி நிரம்ப ஒருநாளும் நேரமே இல்லாமல் போனது என்பதும் எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

சார் அஞ்சலையின் பக்கம் திரும்பினார். "ஒங்க செடிதான்மா காயும். நீங்க என்ன சொல்றீங்க?"

கத்தரி நாற்று நட்டு அப்போதுதான் வேர் பிடித்திருந்தது. அவள் செடியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள்.

"கொடத்துல மொண்டு ஊத்தலாமா? அதுல மட்டம் கொறஞ்சுடுமா?"

"கொடத்துல எவ்வளவு வேணும்னாலும் மொண்டுக்கலாம்."

"அப்ப நான் ஊத்திக்கிறேன். அந்த ஆள நாளைக்கு மனசு மாறாம இருக்கச் சொல்லுங்க."

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தோள் வலிக்கிறது. பண்ருட்டியில் என் சித்தி வீட்டில் தங்கி, காலையும் மாலையும் போய் அளந்தேன். அஞ்சலை குடம் குடமாகச் சுமந்து ஒவ்வொரு செடியின் காலிலும் ஊற்றுவாள். அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சேர்ந்துகொள்ளும். நானும் ஒரு குடத்தை எடுத்தேன். டீச்சரம்மாவுக்குக் குடம் இடுப்பில் நிற்கவில்லை என்று கொல்லையே சிரித்தது. என்ன ஊற்றி என்ன, வெயில் அப்படி. ஓரத்துப் பாத்திகள் முதலில் தலை சாய்த்தன. பிறகு நடுப் பாத்திகள். அஞ்சலை சாய்ந்த செடிகளுக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து நிற்பவற்றுக்கு மட்டும் ஊற்றினாள். 

ஊரின் கோபம் தனவேலுவின் மேல் திரும்பியது. "டிராக்டரு ரெடி, டிரான்ஸ்பார்மரு ரெடி, இவன் என்னாத்துக்கு ஒக்காந்துகினு இருக்கான்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அவர் காரணத்தைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அண்ணி செடியைக் காயவிட்டு, அவளைக் குவாரிக்குச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறான் என்று பேசினார்கள். டீ வாங்கிக் கொடுத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் ஒருவரிடம் உண்மையைச் சொல்லப் போக, "ஒங்களுக்கும் அவருதான காசு குடுக்கறாரு?" என்று கேட்டுவிட்டார்.  தனவேலுவோ டிராக்டரை எடுக்கவில்லை. தினமும் கிணற்றடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

தண்ணீர் ஒரு நாள் கோட்டைத் தொட்டது. மறுநாள் கோடு தண்ணீருக்குள் கலங்கலாகத் தெரிந்தது. அதற்கு அடுத்து வந்தபோது கோட்டைக் காணோம். அதன் பிறகு இரண்டு வேளை அளந்தும் மட்டம் அசையவில்லை. அவ்வளவுதான், நின்றுவிட்டது. சாருக்குச் சொன்னேன். அவரும் வந்து தன் கையால் ஒருமுறை அளந்தார். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

தனவேலு வந்தார். எட்டிப் பார்த்தார். "கோடு எங்க?" என்றார்.

"உள்ள இருக்கு" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி அங்கேயே போட்டார். கிணற்றுப் படியில் இறங்கினார். கடைசிப் படி தண்ணீருக்குள் இருந்தது. அதிலும் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நின்றார். ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சுவரைத் தடவினார். பெயின்ட் தடிப்பாகத்தான் அடித்திருந்தோம். கை அந்த இடத்தில் நின்றது.   அவர் மேலே ஏறி வந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருவருடைய நிலம் ஒன்றுக்கும் ஆகாது என்று நிரூபித்துவிட்டு அவர் எதிரில் நிற்பது நல்ல அனுபவம் இல்லை.

"எங்க அப்பா நல்ல எடம் பாத்துத்தான் வெட்டியிருக்காரு" என்றார். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு டிராக்டரைக் கிளப்பினார். அன்று சாயங்காலமே டிரான்ஸ்பார்மர் ஊருக்கு வந்தது.

போன் செய்த அந்தப் பெண்ணுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் தானாக ஓட ஆரம்பித்தன. நான் வேண்டுமென்றே இருந்து பார்த்தேன். மறுநாள் பொழுது சாய்வதற்குள் கோடு வெளியே வந்துவிட்டது. அடுத்த வாரம் புதிதாக ஒருவர் டேப்போடு வந்திருந்தால், தண்ணீர் எங்கேயோ கிடக்கிறது, தாராளமாகத் தோண்டலாம் என்று எழுதியிருப்பார். அவர் எழுதுவதில் ஒரு பொய்யும் இருந்திருக்காது.

அறிக்கையைச் சார் எழுதினார். மேட்டின் மேல்பகுதியில் கொஞ்சம் மட்டும் எடுக்கலாம், மனுவில் கேட்ட ஆழத்துக்குப் போகக் கூடாது என்பது சாரம். அந்தக் கொஞ்சத்துக்காகக் குவாரி நடத்தக் கட்டுப்படியாகாது. தனவேலு மனுவைத் திரும்பப் பெற்றார். எங்களைத் திட்டவில்லை. வேறு மனுதாரர்கள் சிலர் இந்தக் கதை காதில் விழுந்து எங்கள் பக்கம் வராமல் போனார்கள். அலுவலகத்தில் கொஞ்ச காலம் நான் ஈ ஓட்டினேன். சாருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, அல்லது காட்டிக்கொள்ளவில்லை.

அறிக்கை அச்சாவதற்கு முன்னால் தனவேலு கடலூருக்கு வந்தார். எங்கள் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்று கேட்டார்.

"சார், அதுல ஒரு வரி சேக்க முடியுமா? டிரான்ஸ்பார்மர நாந்தான் நிறுத்தி வச்சேன், எதுக்காக நிறுத்துனேன்னு. ஊருல வேற மாதிரி பேசுறாங்க. அண்ணி செடி என்னாலதான் காஞ்சுது, அது நெசந்தான். ஆனா எதுக்குன்னு எங்கனா ஒரு எடத்துல இருக்கட்டும்."

தேவையில்லாத ஒரு சொல்லைக்கூட அறிக்கையில் விடாதவர் குணசேகரன் சார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தானே எழுதி, தானே வாய்விட்டுப் படித்தார். 'மின்மாற்றியைக் கொண்டுவரும் வசதி தம்மிடம் இருந்தும், முடிவு தமக்குப் பாதகமாக அமையலாம் என்று அறிந்தும், சரியான நீர்மட்டத்தை அறிவதற்காக மனுதாரர் தாமே முன்வந்து அதைத் தள்ளிவைத்தார். அவர் ஒத்துழைக்காவிட்டால் இந்த அளவு கிடைத்திருக்காது.' படித்து முடித்ததும், இதை யார் பார்த்தது என்று கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும்தான் பார்த்திருந்தோம்.

அறிக்கையின் ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துப் போனேன். அஞ்சலை காய்ந்த நாற்றுகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டுக்கொண்டிருந்தாள். தனவேலு கிணற்றுக்கு அந்தப் பக்கம் வண்டியிலிருந்து எரு இறக்கிக்கொண்டிருந்தார். அவள் கேட்டு வந்தாரா, தானாக வந்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. எப்படியும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அறிக்கையில் கிணறு தப்பித்த பக்கத்தை முதலில் படித்தேன். "ம்" என்றாள். பிறகு தனவேலுவைப் பற்றிய அந்த வரிகளைப் படித்தேன். நாற்றைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தபா படிங்க டீச்சரம்மா."

படித்தேன். அவள் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றுதான் நினைத்தேன்.

"அந்த ஆளு சாப்ட்டாரான்னு கேளுங்க" என்றாள்.

அந்த ஆள் கூப்பிட வேண்டிய தூரத்தில்கூட இல்லை, கிணற்றுக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். எருக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "இன்னும் இல்லன்னு சொல்லுங்க மேடம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் காது கேக்குது. கைய கழுவிட்டு வா."